தெரிந்தே விட்ட ஓட்டைகள்

2024 ஏப்ரல் 24, புதன்கிழமை மாலை ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கோட்டக் மஹிந்திரா வங்கி இனி இணையம், மொபைல் வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது. புதிதாக கிரெடிட் கார்டும் கொடுக்கக் கூடாது. உடனடி அமல். மறுநாள் சந்தையில் அந்த வங்கியின் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

பணம் திருடு போனது, ஹேக்கர் புகுந்துவிட்டான், வாராக்கடன் பெருகிவிட்டது என்று அந்த உத்தரவில் ஒரு வரிகூடக் கிடையாது. ரிசர்வ் வங்கி சொன்ன குறைகளைக் கேட்டால் சப்பென்று இருக்கும். வங்கியிடம் என்னென்ன கம்ப்யூட்டர், என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற கணக்கு ஒழுங்காக இல்லை. மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போடுவதில் குறை. மென்பொருளில் மாற்றம் செய்யும் முறையில் குறை. எந்த ஊழியருக்கு எந்த சிஸ்டத்தில் அனுமதி என்பதில் குறை. வெளி நிறுவனங்களிடம் விட்ட வேலைகளைக் கண்காணிப்பதில் குறை. தகவல் கசிவைத் தடுப்பதிலும், பேரிடர் வந்தால் மீண்டு எழும் ஏற்பாட்டிலும் குறை.

ஓ.எம்.ஆரிலும் மணப்பாக்கத்திலும் கோவை சரவணம்பட்டியிலும் ஜி.ஆர்.சி. (கவர்னன்ஸ், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ்) டீம்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டியல் சப்பென்று இருக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை அவர்கள் பார்க்கும் வேலையே அதுதான்.

உத்தரவில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளின் ஐ.டி. சோதனையில் இந்தக் குறைகளை ரிசர்வ் வங்கி எடுத்துச் சொல்லியிருக்கிறது. ‘சரிசெய்துவிட்டோம்’ என்று வங்கி கொடுத்த பதில்கள் போதாதவையாகவோ, தவறானவையாகவோ, செய்தும் நிலைக்காதவையாகவோ இருந்தன என்கிறது உத்தரவு. ஆக, ஓட்டை இருப்பது தெரியும். எழுத்தில் இருக்கிறது. அடைத்துவிட்டதாகப் பதிலும் எழுத்தில் இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. தடை நீங்க 2025 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கார்ப்பரேட் உலகின் பெரிய விபத்துகளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கதை இப்படித்தான் போகிறது. யாரும் எதிர்பாராத இடி என்பது அபூர்வம். யாரோ ஒருவர் எக்செல் ஷீட்டில் எழுதி வைத்து, நினைவூட்டி மெயில் போட்டு, மறுபடி போட்டு, பதில் வராமல் கிடந்த வரிதான் பின்னால் தலைப்புச் செய்தியாகிறது. அந்த வரியை எழுதுகிறவர்களுக்கு ஓட்டை தெரியும்; அடைக்கிற அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவருக்கு அடுத்த வாரம் ரிலீஸ் இருக்கிறது.

ஹூஸ்டனிலிருந்து சோழிங்கநல்லூருக்கு

ஜி.ஆர்.சி. என்ற மூன்றெழுத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முடிவெடுப்பது யார், அவரைக் கேள்வி கேட்பது யார்? எது, எப்படித் தப்பாகப் போகலாம்? சட்டமும் ஒப்பந்தமும் சொன்னபடி நடக்கிறோம் என்பதற்கு என்ன ஆதாரம்? கேட்க எளிது. மூன்றாவது கேள்விக்குத்தான் முக்கால்வாசிப் பேரின் வாழ்நாள் போகிறது.

இந்த வேலை நம் ஊருக்கு வந்த வழி சுவாரசியமானது. 2001 டிசம்பரில் ஹூஸ்டன் நகரின் என்ரான் நிறுவனம் திவாலானது. ஏழு மாதத்தில் வேர்ல்ட்காம். இரண்டுமே கணக்கில் விளையாடிய நிறுவனங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாக சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தை நிறைவேற்றியது. 2002 ஜூலை 30 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அதன் 404-வது பிரிவு, ‘எங்கள் கணக்கைப் பிழையில்லாமல் வைத்திருக்கும் உள்கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றன’ என்று நிறுவனமே ஒவ்வோர் ஆண்டும் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனமென்றால் வெளி ஆடிட்டரும் அதற்குச் சான்று தர வேண்டும்.

கணக்குப் புத்தகம் அப்போதே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. எனவே ஆடிட்டரின் கேள்விகளும் உள்ளே போயின. இந்தத் தொகையைக் கூட்டிக் காட்டும் மென்பொருளை யார் மாற்றலாம்? மாற்றியதை வேறொருவர் சோதித்தாரா? டேட்டாபேஸுக்குள் நேராகக் கைவைக்கும் அனுமதி யார் யாரிடம்? அமெரிக்க நிறுவனத்தின் அந்த மென்பொருளைப் பராமரிப்பதோ சென்னையில், ஹைதராபாத்தில், பெங்களூரில். ஹூஸ்டனில் போட்ட முடிச்சை சோழிங்கநல்லூரில் ஒரு பெண் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவிழ்க்க வேண்டியதாயிற்று.

பின்னாலேயே மற்றவையும் வந்து சேர்ந்தன. ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய கிளையண்ட் பேசமாட்டார். அதன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். எஸ்.ஓ.சி. 2 அறிக்கை இல்லாமல் அமெரிக்க கிளையண்ட் பேசமாட்டார். கார்டு எண்ணைத் தொட்டால் பி.சி.ஐ. விதிகள். 2022 ஏப்ரலில் நம் அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒரே ஓட்டையைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்பார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து விதமாகப் பதில் எழுத வேண்டும்.

இந்தியாவுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட சுமை என்று நினைப்பவர்கள் சத்யத்தை மறந்திருப்பார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் கோடிக்கணக்கில் பொய் இருப்பதாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தொகையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. ஜி.ஆர்.சி. ஆட்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். அந்த நிறுவனத்தின் பில் போடும் மென்பொருளில் ‘சூப்பர் யூசர்’ என்று ஒரு நுழைவு இருந்தது. அதன் வழியாக உள்ளே போனால், ஒரு பில்லுக்கு எதிரே ஓர் எழுத்தைப் போட்டு அதை மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி பில்கள் அப்படித்தான் பிறந்தன. வாடிக்கையாளரிடம் பணம் கேட்கும் பிரிவுக்கு அவை தெரியாது; விற்பனைத் தொகையில் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுத்த நிறுவனத்தில், ‘இந்த சூப்பர் யூசர் யார் கையில் இருக்கிறது?’ என்று ஒருவர் அழுத்திக் கேட்டு, பதில் வரும்வரை நகராமல் நின்றிருந்தால் போதும். அந்தக் கேள்வியின் பெயர்தான் ஆக்சஸ் ரிவ்யூ.

கடிகாரம் தெரிகிற மாதிரி எடுங்க சார்

ஆக்சஸ் ரிவ்யூ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். செய்முறை ஒரு குழந்தைக்கும் புரியும். வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை எச்.ஆர். தர வேண்டும். சிஸ்டத்தில் உயிரோடு இருக்கும் லாகின்களின் பட்டியலை ஐ.டி. தர வேண்டும். இரண்டையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனவர் யாராவது இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அது அவ்வளவு சுலபமில்லை. எச்.ஆர். பட்டியலில் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்: கார்த்திக் குமாரசாமி. மென்பொருளில் அவர் சேர்ந்த நாளில் யாரோ அடித்தது: கே. கார்த்திக். இன்னொரு மென்பொருளில் கார்த்திக் கே. கிளையண்டின் சிஸ்டத்தில், குமாரசாமி என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, கே. குமாரசாமி. அப்பா பெயரில் லாகின் வைத்திருக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டு ஐ.டி.யில் ஏராளம். ஓர் அலுவலகத்தில் கார்த்திக்குகள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் எண்ணை வைத்துப் பொருத்தலாம் என்றால், அந்த எண்ணைப் பாதி மென்பொருள்கள் கேட்டு வாங்குவதே இல்லை. அமெரிக்காவில் எழுதிய கட்டுப்பாட்டுப் புத்தகத்தில் இன்ஷியலுக்கு இடமில்லை.

ஒருவழியாகப் பொருத்தி முடித்தால் சில பெயர்கள் தேறும். வெள்ளிக்கிழமை கடைசி நாள், லாகினை மூடியது அடுத்த வியாழன். கொள்கை என்ன சொல்கிறது? 24 மணி நேரத்துக்குள். இடைப்பட்ட நாளில் அவர் உள்ளே வந்தாரா? கடைசியாக லாகின் ஆன தேதியைப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் ஒரு பெருமூச்சு. குறை குறைதான், ஆனால் தொடர் விசாரணை இல்லை. வந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும்.

இதைவிடப் பெரிய தலைவலி மனிதர்கள் இல்லாத லாகின்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்காக எப்போதோ ஒருவர் உருவாக்கிய சர்வீஸ் அக்கவுண்ட். உருவாக்கியவர் இரண்டு கம்பெனி மாறிவிட்டார். பாஸ்வேர்டு மாற்றி வருஷக்கணக்காகிறது. மூடலாம் என்றால், மூடினால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ‘மேடம், அதுல மட்டும் கை வைக்காதீங்க’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் எல்லா டீமிலும் இருப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

அடுத்தது மேலாளரின் ஒப்புதல். ‘உங்கள் டீமில் இத்தனை பேருக்கு இந்த அனுமதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தேவைதானா’ என்று மெயில் போகும். அவர் மீட்டிங் நடுவே மொபைலில் திறந்து, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘அப்ரூவ்’ தட்டிவிட்டு மூடுவார். எத்தனை விநாடியில் தட்டினார் என்பதும் பதிவாகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இருநூறு பேரின் அனுமதியை இரண்டு நிமிஷத்தில் பரிசீலித்த அதிசயத்தை வருஷக் கடைசியில் வெளி ஆடிட்டர் கண்டுபிடித்துச் சொல்லும்போது, திட்டு வாங்குவது அந்த மேலாளர் அல்ல.

பிறகு ஆதாரம். இந்த உரையாடலை எந்த ஐ.டி. அலுவலகத்திலும் கேட்கலாம்.

‘சார், இந்த ஸ்கிரீன்ஷாட்ல தேதி தெரியலையே. கீழே கடிகாரம் தெரியற மாதிரி ஃபுல் ஸ்கிரீனா எடுத்து அனுப்புங்களேன்.’

‘அதே சர்வர்தான் மேடம். நேத்து அனுப்பினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?’

‘எனக்குத் தெரியும் சார். ஆடிட்டருக்குத் தெரியணும்ல?’

சர்வர்காரர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து அனுப்புவார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை இதைக் கொடுத்திருக்கிறார், வேறொரு தணிக்கைக்கு, வேறொரு பெயரில். ஆனால் தேதி இல்லாத படம் எதையும் நிரூபிக்காது. பட்டியல் முழுமையானது என்பதற்கும் ஆதாரம் வேண்டும்: எந்தக் கட்டளையைப் போட்டு எடுத்தீர்கள், எத்தனை வரி வந்தது, நடுவில் யாராவது வடிகட்டினீர்களா? முழுப் பட்டியலில் இல்லாத ஒன்றை, அதிலிருந்து ஆடிட்டர் எடுக்கும் சாம்பிளில் கண்டுபிடிக்க முடியாது. மறைக்க நினைப்பவன் கைவைப்பதும் பட்டியலில்தான்.

இந்த வேலையின் உண்மையான சோதனை இன்னும் மெல்லிய குரலில் வரும். சாப்பாட்டுக்குப் போகும் வழியில், தோளில் கை போட்டபடி: ‘ப்ரோ, அந்த சேஞ்ச் டிக்கெட்டுக்கு அப்ரூவல் வாங்க மறந்துட்டோம். வேலை நல்லபடியாதான் முடிஞ்சுது. இப்ப போட்டு, போன வாரத் தேதியில ஒரு மெயில் ரெடி பண்ணிக்கலாமா?’ கேட்பவர் திருடன் இல்லை. நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், ராத்திரி முழுக்க விழித்து சர்வரைத் தூக்கி நிறுத்தியவர். இருந்தாலும் சரி என்று தலையாட்டிய நிமிஷத்தில் அந்த ஜி.ஆர்.சி. ஆள் காகிதம் தயாரிப்பவராகிவிடுகிறார். கோட்டக் வங்கியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உத்தரவில் ‘தவறானவை’ என்ற சொல்லைப் படித்தபோது, நாடெங்கும் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று ஊகிக்க முடிந்தது.

மறந்தது மறந்ததுதான், குறையாக எழுதிவிடலாம் என்று சொல்ல முடிகிற அலுவலகம் நல்ல அலுவலகம். பல இடங்களில் அப்படிச் சொன்னவர் அடுத்த அப்ரைசலில் ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று பெயர் வாங்குகிறார்.

ஒரே மாதம், இரண்டு வங்கிகள்

2018 பிப்ரவரியில் இரண்டு இந்திய வங்கிகள் செய்தியில் வந்தன. இரண்டும் ‘ஸ்விஃப்ட்’ சம்பந்தப்பட்டவை. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பச் சொல்லிச் செய்தி அனுப்பும் வலை அது.

பஞ்சாப் நேஷனல் வங்கிக் கதை எல்லோருக்கும் தெரியும். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வைர வியாபாரி நிரவ் மோடியின் நிறுவனங்களுக்காக உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வங்கியின் முதன்மைக் கணக்கு மென்பொருளில் அவற்றுக்குப் பதிவே இல்லை. இரண்டு மென்பொருள்களும் இணைக்கப்படவில்லை. இதில் அனுப்பியதை அதில் யாராவது கையால் ஏற்றினால்தான் உண்டு. ஏற்றவில்லை. பல ஆண்டுகள். பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச் சந்தைக்குச் சொன்னபோது தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பின்னர் இன்னும் ஏறியது.

எப்படி வெளியே வந்தது என்பதுதான் விசேஷம். அந்த இருக்கையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த அதிகாரி 2017-ல் ஓய்வு பெற்றார். புதிய ஆள் வந்தார். 2018 ஜனவரியில் மறுபடி கடிதம் கேட்டு வந்தவர்களிடம், முழுத் தொகையையும் ஈடாகக் கட்டுங்கள் என்றார். ‘இதற்கு முன்பெல்லாம் கேட்டதில்லையே’ என்றார்கள் அவர்கள். அவ்வளவுதான். இதற்கு முன்பு என்று ஒன்று இருந்ததற்கான பதிவே வங்கியில் இல்லை. ஒருவரை ஒரே இருக்கையில் நீண்ட நாள் வைக்காதே, அவ்வப்போது மாற்று என்று எல்லா வங்கியின் விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. எந்த நவீனக் கருவியும் பிடிக்காததை, வயது முதிர்ந்து வந்த ஓய்வு பிடித்துக் கொடுத்தது.

இன்னொன்று நம் கும்பகோணம். 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. பிப்ரவரி 6 மாலை, அதன் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் மூன்று பணமாற்றங்களை அனுப்பினார்கள். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அனுப்பிய செய்திகளுக்கு ஒப்புகை அச்சாகி வரும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். 2016-ல் பங்களாதேஷ் வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுபோனவர்களும் பிரிண்டரில்தான் கைவைத்தார்கள். ஆனால் கும்பகோணத்தில், முந்தைய நாள் போனதையும் வந்ததையும் ஒத்துப் பார்க்கும் வழக்கமான வேலையில், தாங்கள் அனுப்பாத மூன்று மாற்றங்கள் பிப்ரவரி 7 அன்றே கண்ணில் பட்டுவிட்டன. உடனே தகவல் பறந்தது. துபாய், துருக்கி இரண்டும் தடுக்கப்பட்டன.

அங்கே பல ஆண்டுகள், இங்கே ஒரே ராத்திரி. இடையில் நிற்பது, தினமும் காலையில் யாரோ ஒருவர் அலுக்காமல் செய்யும் ஓர் ஒத்துப்பார்ப்பு. அதற்காக யாருக்கும் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

பின்கதையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்விஃப்ட்டை இப்படித் தவறாகப் பயன்படுத்தலாம் என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை ரகசியமாக எச்சரித்திருந்ததாக, பஞ்சாப் நேஷனல் விவகாரம் வெடித்த அதே வாரங்களில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. எச்சரித்தும் வங்கிகளுக்கு வேகம் வரவில்லை. 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான கட்டளைகளை உரிய காலத்தில் நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம். முப்பத்தாறு வங்கிகளிலும் அந்தச் சுற்றறிக்கையைப் படித்து, கோப்பில் போட்டு, ‘நிலுவை’ என்று குறித்து வைத்த ஒருவர் இருந்திருப்பார்.

கையெழுத்து யாருடையது?

நிலுவை என்று குறித்த பிறகு என்ன நடக்கும்? அங்கேதான் ரிஸ்க் ரெஜிஸ்டர் வருகிறது. ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு வரி. நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் அடி எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். பெருக்கினால் வருவது சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று கட்டம் காட்டும்.

இந்தக் கட்டத்தின் மேல் நடக்கும் பேரம் கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் குறைந்ததில்லை. ‘வாய்ப்பு நாலுன்னு போட்டிருக்கீங்களே, இதுவரைக்கும் ஒருதடவைகூட நடக்கலையே, ரெண்டு போடுங்க.’ ‘சார், இணையத்துக்கு நேரா திறந்திருக்கு.’ ‘சரி, மூணு. போர்டு மீட்டிங்குல சிவப்பு காட்ட முடியாது.’ சிவப்பு மஞ்சளாகிறது. சர்வர் அப்படியேதான் இருக்கிறது.

மஞ்சளாகாவிட்டால் இருக்கவே இருக்கிறது ரிஸ்க் அக்செப்டன்ஸ். ‘இந்த ஆபத்து எனக்குத் தெரியும், வணிகக் காரணத்துக்காக ஆறு மாதம் இப்படியே இருக்கட்டும், பொறுப்பு என்னுடையது’ என்று உயரதிகாரி கையெழுத்திடும் படிவம். நல்ல கருவிதான். எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடைக்க எந்த நிறுவனத்திடமும் பணம் கிடையாது. எதை இப்போதைக்கு விடலாம் என்று தெரிந்து முடிவெடுப்பது நிர்வாகத்தின் வேலை. கோளாறு இரண்டு இடத்தில் வருகிறது. ஆறு மாதம் முடிந்ததும் இன்னோர் ஆறு மாதம், பிறகு இன்னொன்று. கையெழுத்திட்டவர் இடையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வந்தவருக்கு அப்படியொரு பொறுப்பு தன் தலையில் இருப்பதே தெரியாது.

கையெழுத்துக்கு விலை உண்டு என்று சில நாடுகள் காட்டத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. மாற்றிய கையோடு எல்லாம் குழம்பியது. பணம் இருந்தும் எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். அதோடு விடவில்லை. வேலையைச் செய்து கொடுத்த வெளி நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்று போதிய அளவு கேட்டு உறுதி செய்யவில்லை என்று, அந்த வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விழுந்தது. ‘தயார்’ என்று வெண்டர் எழுதிக் கொடுத்த கடிதம் அவரைக் காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் ஊபரின் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன், 2016-ல் நடந்த தகவல் திருட்டை அரசிடமிருந்து மறைத்தார் என்று 2022 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. தனிமனிதரைத் தண்டிக்கத் தொடங்கினால், வலைக்குள் முதலில் விழுவது பெரும்பாலும் நடுவில் இருப்பவர்தான். 2017-ல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரம் களவு போனது. மார்ச்சில் வெளியான பேட்ச் ஒன்று போடப்படவில்லை. நாடாளுமன்றக் குழு முன் வந்த முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி, சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்ட ஓர் ஊழியரின் தவறு என்ற பாணியில் பேசினார். அந்த நிறுவனத்தில் வெளியே போகும் தகவலைக் கண்காணிக்கும் கருவியே, சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் குருடாகக் கிடந்தது. அதுவும் ஓர் ஊழியரின் தவறா?

பொங்கலுக்கு லீவு இல்லை

யார் இந்த வேலைக்கு வருகிறார்கள்? பி.காம். முடித்து, சி.ஏ. இன்டரோடு நின்றவர்கள். இ.சி.இ. படித்து, சப்போர்ட் வேலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சலித்தவர்கள். பிள்ளைப்பேறுக்குப் பிறகு திரும்பி வரும்போது, கோடிங் மாறிவிட்டதால் இந்தப் பக்கம் நகர்ந்த பெண்கள். ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே மதிப்பு அதிகம். ‘அனுமதி நீக்கப்படவில்லை’ என்பதற்கும் ‘நீக்கப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை’ என்பதற்கும் உள்ள தூரம் தெரிய வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒருவரின் வேலை இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோரும் தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான சி.ஐ.எஸ்.ஏ. தேர்வுக்குப் படிப்பார்கள்: 150 கேள்வி, நான்கு மணி நேரம். பாஸ் செய்தாலும் அனுபவத்தைக் காட்டினால்தான் சான்றிதழ்.

அமெரிக்க கிளையண்டின் நிதியாண்டு பெரும்பாலும் டிசம்பரோடு முடிகிறது. அதனால் இறுதிச் சோதனை ஜனவரியில் வந்து நிற்கும். ஊரே பொங்கலுக்குக் கிளம்பும்போது, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியும் லேப்டாப்பை மூட முடியாமல் ‘எவிடன்ஸ் பெண்டிங்’ என்று ஃபாலோ-அப் அனுப்பிக்கொண்டிருக்கும் கூட்டம் இவர்கள்தான்.

இவர்களுடைய காகிதம் நிஜத்தோடு மோதிய நாள்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஐ.டி. நிறுவனங்கள் பல மூடிக் கிடந்தன. ஊழியர்களை பஸ் வைத்து பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். பேரிடர்த் திட்டம் எல்லோரிடமும் இருந்தது. முதல் கட்டடம் முழுகினால் இரண்டாவது கட்டடத்துக்குப் போவது என்று எழுதியிருந்தால், இரண்டாவது கட்டடமும் அதே சாலையில் இருந்தால், அந்தத் திட்டத்துக்கு என்ன அர்த்தம்? அதற்குப் பிறகுதான் பல வெளிநாட்டு கிளையண்டுகள் ‘மாற்று இடம் உண்டா’ என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்த ஆற்றின் எந்தக் கரையில் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது கருவிகள் வந்துவிட்டன. ஸ்கிரீன்ஷாட்டைத் தானே எடுத்து, தானே அடுக்கி, டேஷ்போர்டில் பச்சை காட்டும் மென்பொருள்கள். இருநூறு, முந்நூறு கேள்விகளோடு வரும் வெண்டர் கேள்வித்தாளுக்கு ஏ.ஐ. பதில் எழுதுகிறது, அந்தப் பதிலை மறுமுனையில் இன்னோர் ஏ.ஐ. படித்து மதிப்பெண் போடுகிறது. இரண்டு பக்கமும் மனிதர் யாரும் அதைப் படிக்காத நாள் வெகு தூரத்தில் இல்லை. கடிகாரத்தோடு படம் எடுக்கும் கூலி வேலை ஒழிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் எந்தக் கருவி வந்தாலும், சிவப்பை மஞ்சளாக்கச் சொல்லும் குரல் கருவியிடம் போகாது. அந்த இருக்கையில் இருக்கிற ஆளிடம்தான் வரும்.

அந்த ஆள் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதே கேள்வி. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஐ.டி. நிர்வாகம் பற்றி விரிவான கட்டளை ஒன்றை வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அமல். அதில் ஒரு விதி: தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஐ.டி. தலைவருக்கு நேரடியாகக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. பாதுகாப்பு அதிகாரிக்கு வணிக இலக்குகள் கொடுக்கக் கூடாது. சர்வரை நடத்துகிறவரிடமே ‘உன் சர்வரில் ஓட்டை’ என்று சொல்கிறவரின் அப்ரைசல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து போட்ட விதி.

இந்தப் பாதுகாப்பு ரிசர்வ் வங்கியின் கைக்குள் வரும் நிறுவனங்களுக்கு. மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஜவுளிக்கடைச் சங்கிலிகளுக்கும் பள்ளிக்கூட ஆப் நடத்தும் ஸ்டார்ட்-அப்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. அவர்களையும் சேர்த்துப் பிடிக்கத்தான் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ரிசப்ஷனில் வாங்கி வைத்த ஆதார் ஜெராக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது, நோயாளியின் ஸ்கேன் ரிப்போர்ட் எந்த வாட்ஸ்ஆப் குரூப்பில் ஓடுகிறது என்று எழுதி வைக்க இந்த நிறுவனங்கள் இப்போதுதான் ஆள் தேடுகின்றன. விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடைசி வரி, ‘ஐ.டி. மேலாளருக்குக் கீழ் பணிபுரிய வேண்டும்.’ இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சம்பளத்தைப் பேசும் முன் அந்த வரியைப் பேசுவது நல்லது.